நட்டவர் பலர், நீர் ஊற்றியவர் யார்?



மரம் நடுவதன் சிறப்பை உங்களுக்கு உபதேசிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்பதெல்லாம் நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியின் கருத்தை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். நான் சொல்ல வந்தது, நட்ட பிறகு நடப்பதைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் பொதட்டூர்பேட்டையில் மதரஸா மாணவர்களுடன் தெருவோரத்தில் பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். துஆ ஓதினோம், இனிப்பு வழங்கினோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். ஐப்பசி மழையில் கன்றுகள் தழைத்தன; பங்குனியில் வாடின. சித்திரையில் எஞ்சியது ஒன்றே ஒன்று. அது பள்ளிவாசலில் ஒளுச் செய்த நீர் வடியும் ஓரத்தில் நின்ற புங்கன். மற்றவற்றை வெயில் கொன்றுவிட்டது என்று பலரிடமும் சொல்லிவந்தேன். ஒருநாள் ஒரு சிறுவன், "வெயில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே ஹஜ்ரத்?" என்று கேட்டான். எனக்கு நா எழவில்லை.

இளங்கன்றின் வேர் ஆழத்து ஈரத்தை எட்ட இரண்டு மூன்று கோடைகள் ஆகும். அதுவரை அது நம் கையை நம்பியே வாழ்கிறது. நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை வேரடி நனைய ஊற்றுவது நலம்; மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். பாத்தியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் தங்கும். ஆடு மாடு கடிக்காதிருக்க வேலி வேண்டும். இதைத் தனியொருவர் நெடுநாள் செய்ய இயலாது. முறை வைத்துச் செய்யும் அண்டைவீட்டார் வேண்டும்.

அத்தகையோரைச் சென்னையில் காணலாம். கோட்டூர்புரம் ரயில் நிலையத்தை அடுத்து, அடையாற்றங்கரையில் ஒரு நிலம் குப்பைமேடாகக் கிடந்தது. 'நிழல்' என்னும் தொண்டு அமைப்பினர் 2006இல் அதை மரப்பூங்காவாக்கும் பணியைத் தொடங்கினர். மாணவரும், அலுவலரும், அக்கம்பக்கத்தாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடிக் களை பறித்தார்கள், நீர் ஊற்றினார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தைச் சூழ்ந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றையும் கடந்து அப்பூங்கா நிலைத்தது. நட்ட நாளின் உற்சாகம் அதை வளர்க்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளே வளர்த்தன.

தமிழகத்தின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் அரசு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. அரசு கன்று தரலாம். நம் வாசலில் நிற்கும் கன்றுக்கு நாம்தான் குடம் சுமக்க வேண்டும். எங்கள் ஊர் நெசவாளரைக் கேட்டுப் பாருங்கள். பாவு பூட்டிய அன்றே புடவை கைக்கு வருவதில்லை.

இம்முறை நாங்கள் நான்கே கன்றுகள் நட்டோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீட்டார் பொறுப்பு: ஒன்று ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பம், மற்றொன்று அண்டையிலுள்ள நெசவாளர் குடும்பம். நீர் ஊற்றும் முறையைக் குறித்துவைப்பவன், அன்று கேள்வி கேட்ட அந்தச் சிறுவனே.

உங்கள் தெருவிலும் யாரோ நட்டு மறந்த கன்று ஒன்று நிற்கக்கூடும். புதிதாக ஒன்றை நடுமுன், இன்று அஸருக்குப் பின் அதற்கு ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரமும் ஊற்றுங்கள். வஸ்ஸலாம்.