பாம்பன் கடந்த பஸ்

டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று மதுரைச் சீமையில் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். மெய்தான், நாம் மறுக்கவில்லை. நேரம் தவறாமல் ஓட்டியவன் தொழிலாளி, லாபம் கண்டவர் முதலாளி. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1972ல் அந்த பஸ்கள் பொதுச் சொத்தாயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1983ல் காரைக்குடியில் மருது பாண்டியர் கழகம் தனியாகப் பிரிந்தது. 1997ல் ஜாதிக் கலவரங்களையொட்டிப் பெயர்கள் போயின. பஸ்கள் மக்களிடமே இருந்தன.

ராமேஸ்வரம் தீவின் கதை வேறு. 1914ல் திறந்த ரயில் பாலம் ஒன்றே அதற்கு வழி. பஸ் மண்டபத்தோடு நின்றுவிடும். 1964 டிசம்பர் புயலில் அந்தப் பாலமும் சிதைந்தபோது தீவு துண்டிக்கப்பட்டது. 1988 அக்டோபர் 2ல் ரோடு பாலம் திறந்த பிறகே பஸ் கடலைத் தாண்டியது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது; புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6ல். அந்த இரண்டேகால் வருஷமும் மீன் கூடைக்காரியையும் கல்லூரி மாணவனையும் அக்கரை சேர்த்தது சர்க்கார் பஸ்தான்.

அந்தத் தொழிலாளர்களே ஓய்வு பெற்றோரின் பஞ்சப்படிக்காகவும் காலியிடங்களை நிரப்பக் கோரியும் 2024 ஜனவரி 9ந் தேதி வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது!

சென்னையில் 2025ல் மின்சார பஸ்கள் வந்தன. புகையில்லாத பஸ்ஸை நாமும் வரவேற்கிறோம். ஆனால் பஸ் தனியார் கம்பெனியுடையது, டிரைவரும் கம்பெனி ஆள்; கண்டக்டர் மட்டுமே கழகத்தவர். இந்த ஏற்பாடு காரைக்குடி, ராமநாதபுரம் டிப்போக்களுக்கு வரக்கூடாது. பஸ்ஸைக் கழகமே வாங்கி, டிரைவரைக் கழகமே நிரந்தரமாக நியமிக்க வேண்டுமென்று சர்க்காரைக் கோருகிறோம்.