பட்டறைக்கு ஓர் அறை

ஹைதராபாத்தில் தொழில்நுட்பத்துக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் பாறைகள் உடைக்கப்பட்டுக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தவண்ணம் உள்ளன. 2015இல் டி-ஹப், 2023 மார்ச்சில் 78,000 சதுர அடிப் பரப்பில் டி-ஒர்க்ஸ் என மாநில அரசே பெரும் கட்டிடங்களைத் திறந்து வைத்துள்ளது. ஆனால் வேலை முடிந்த ஓர் எலக்ட்ரீஷியனும், ஒரு பாலிடெக்னிக் மாணவியும், மென்பொருள் நிறுவன ஊழியரும், செயலி வழியே சவாரி ஏற்கும் ஆட்டோ ஓட்டுநரும் மாலையில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு கருவியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால், யாருக்கும் வாடிக்கையாளராக ஆகாமல் அவர்கள் போய் உட்கார எத்தனை இடங்கள் உள்ளன? இக்கேள்வி ஹைதராபாத்துக்கு மட்டும் உரியதன்று. சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் இதே கேள்விதான்.

இத்தகைய இடங்களை உலகெங்கும் ஹேக்கர்ஸ்பேஸ் என்று அழைக்கின்றனர். 'ஹேக்கர்' என்றதும் வங்கிக் கணக்கில் புகுந்து திருடுபவனையே நமது நாளேடுகள் காட்டுகின்றன. கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்து அறிந்து, அதைத் தன் தேவைக்கேற்ப மாற்றுபவர் என்பதே அச்சொல்லின் பழைய பொருள். பொதுப் பட்டறை என்று தமிழில் சொல்லிவிடலாம். இதற்கும் இடதுசாரி இயக்கங்களுக்கும் உள்ள உறவு புதியதல்ல. ஜெர்மனியின் புகழ்பெற்ற கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் 1981 செப்டம்பரில் மேற்கு பெர்லினில் 'டாஸ்' என்னும் இடதுசாரி நாளேட்டின் அலுவலகத்தில்தான் பிறந்தது. அவர்கள் சுற்றி அமர்ந்த மேசை, 1960களின் மாணவர் எழுச்சிக் காலத்துக் கூட்டுக் குடியிருப்பான 'கொம்யூன் 1'க்குச் சொந்தமாயிருந்தது. ஒரு பத்திரிகை அலுவலகம் மாலையில் தன் அறையைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான் அதன் தொடக்கம்.

ஹைதராபாத்தில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பஞ்சாரா ஹில்ஸில் உள்ள லாமகான். ஆவணப்பட இயக்குநரும் புகைப்படக் கலைஞருமான எம்.ஹசன் வாழ்ந்த பழைய வீடு அது. அவரது மறைவுக்குப் பின், 2010 மார்ச்சில், குடும்பத்தினரும் நண்பர்களும் அதைப் பொதுவெளியாகத் திறந்தனர். உருதுவில் 'லா' என்றால் இல்லை. 'மகான்' என்றால் வீடு. இடம் என்ற வரம்புக்குள் அடங்காத இடம் என்று கொள்ளலாம். நாடகம், கவியரங்கம், ஆவணப்படம், அரசியல் விவாதம் எல்லாம் அங்கே நடக்கின்றன. ஒரு தேநீரும் சமோசாவும் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். தொடங்கியவர்களுள் ஒருவரான பிஜு மேத்யூ, நியூயார்க் டாக்சி தொழிலாளர் கூட்டமைப்பைக் கட்டியவர்களிலும் ஒருவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

மற்றொருவரான அஷர் ஃபர்ஹான் மென்பொருளாளர்; அமெச்சூர் வானொலியாளர். 2003இல் அவர் வடிவமைத்து வெளியிட்ட 'பிட்எக்ஸ்' என்னும் சிற்றலை வாங்கி-அனுப்பி, பொதுப் பட்டறை என்ற கருத்துக்கே நல்ல விளக்கம். இறக்குமதியான வானொலிக் கருவிகளின் விலை இந்திய ஆர்வலர்களுக்கு எட்டாத நிலையில், உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் உதிரிப் பாகங்களைக் கொண்டே செய்யக்கூடியதாக அவர் அதை அமைத்தார். சுருள் சுற்றுவதற்குரிய வளையம் கிடைக்காதவர்களுக்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரே போதும் என்றார்! சுற்றுப்படத்தை எவரும் பார்க்கலாம், செய்யலாம், திருத்தலாம். பல நாடுகளில் பலர் செய்தனர், திருத்தினர். பிற்காலத்தில் அதன் பலகைகளை ஹைதராபாத்திலேயே ஒரு பெண்கள் குழு கையால் சுருள் சுற்றிச் சோதித்து அனுப்பியது. லாமகானின் பெயரிலேயே ஓர் அமெச்சூர் வானொலிக் கழகமும் இயங்குகிறது.

இதையெல்லாம் பாராட்டும்போது ஒரு பொருளியல் உண்மையை விட்டுவிடக் கூடாது. சுற்றுப்படத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் அது தேயாது. கட்டிற்ற மென்பொருளின் வலிமை அதுவே. கட்டிடம் அப்படியல்ல, ஒவ்வொரு மழைக்கும் தேய்கிறது. அதன் மனைமதிப்போ ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிறது. பஞ்சாரா ஹில்ஸ் போன்ற பகுதியில் ஒரு வீட்டை விற்காமல், வணிக வளாகமாக்காமல் வைத்திருப்பது ஒரு குடும்பத்தின் பெருந்தன்மை. அதை மதிக்கிறோம். ஆனால் பெருந்தன்மையை நம்பி ஒரு நகரம் தன் பொதுவெளிகளை அமைத்துக்கொள்ள இயலாது. வாடகைக் கட்டிடத்தில் தொடங்கப்படும் பட்டறைகளின் கதி இன்னும் கடினம்: உறுப்பினர் சந்தாவில் பெரும் பகுதி வாடகைக்கே போய்விடும், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் உரிமையாளர் கேட்கும் தொகையே பட்டறையின் ஆயுளை முடிவு செய்யும். உற்பத்திக் கருவிகள் பொதுவாகவும், அவை நிற்கும் தரை தனியாருடையதாகவும் இருந்தால், பொதுவானவை எத்தனை நாள் பொதுவாக இருக்கும்?

ஆகவேதான் பழைய கட்டிடங்களைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. ஹைதராபாத்தின் பழைய கட்டிடங்களுக்குப் பாதுகாப்பு அளித்துவந்த 1981ஆம் ஆண்டு விதியை 2015இல் மாநில அரசு நீக்கியது. அவற்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதே 'வளர்ச்சி' என்ற மனப்பான்மை அந்நகரில் மட்டுமா உள்ளது? ஆனாலும் பழைய கட்டிடத்தில் பட்டறை நடத்துவது கவிதையான காரியமன்று. அதன் விவரங்களைத் தெரிந்துகொள்ளாமல் ஆர்வத்தோடு மட்டும் இறங்கினால் ஓராண்டில் பூட்டு விழும்.

முதலில் மின்சாரம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விளக்குக்கும் மின்விசிறிக்குமாக இழுக்கப்பட்ட கம்பிகள் பட்டறையின் சுமையைத் தாங்கமாட்டா. பல சுவிட்ச் பலகைகளில் எர்த் கம்பியே இராது. ஒரு சால்டரிங் அயர்ன் 25 முதல் 60 வாட் வரை இழுக்கும், அது பெரிதல்ல. ஆனால் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் ஏறத்தாழ 750 வாட், வெப்பக்காற்று ஊதி ஆயிரம் வாட்டுக்கும் மேல். இவற்றுடன் பத்துக் கணினிகளையும் சேர்த்தால் அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் கடந்துவிடுவோம். கம்பி சூடாவது கண்ணுக்குத் தெரியாது. மரச் சட்டத்துக்குப் பின்னால் புகை வரும்போதுதான் தெரியும். எந்திரம் வாங்குவதற்கு முன்பே புதிய கம்பி, முறையான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். முப்பரிமாண அச்சு எந்திரத்துக்கு நன்கொடை கேட்டால் தருபவர்கள் எர்த் கம்பிக்குத் தருவதில்லை என்பது வேறு கதை.

அடுத்து ஈரம். பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அவை ஈரத்தை வாங்கி வெளிவிடும். 'பலப்படுத்துகிறோம்' என்று அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பொரியும். சென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மேல்தளம் மர உத்திரங்களின் மேல் நிற்பது. நீர் கசிந்தால் உத்திரத்தின் சுவரோரத்து முனைதான் முதலில் மக்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை முதல் ஆண்டிலேயே வேரோடு எடுக்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் சுவர் பிளக்கும். மழைக்காலத்துக்கு முன் மாடியின் நீர்ப்போக்கிகளைத் துடைத்துவிடுவது அரைநாள் வேலை. அதைச் செய்யாவிட்டால் வரும் செலவு ஓராண்டுச் சந்தாவை விழுங்கும்.

இவை சின்ன விஷயங்கள் என்று நினைப்பவர்கள் ஹைதராபாத் பாக்லிங்கம்பள்ளியில் உள்ள சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரத்தின் அனுபவத்தை நினைத்துப் பார்க்கட்டும். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் தலைவர் தோழர் பி.சுந்தரய்யாவின் நினைவாக உருவான பெரும் நூலகம் அது. அப்துஸ் சமத் கான் அரும்பாடுபட்டுத் திரட்டிய அரிய உருது நூல்களும் இதழ்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. 2000 ஆகஸ்டில் அந்நகரை மூழ்கடித்த பெருமழையின்போது வெள்ளம் புகுந்து அத்தொகுப்பைப் பெரிதும் சேதப்படுத்தியது. நூல்களைத் திரட்ட ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது. நனைய ஓர் இரவு போதுமானதாயிற்று. 2020 அக்டோபரில் அந்நகரம் மீண்டும் மூழ்கியது. கணினியையும் மின்கலத்தையும் எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதும் அரசியல் பொறுப்புத்தான்.

இனி உழைப்பு. பொதுப் பட்டறைகளில் புதிய நிரல் எழுத ஆட்கள் கிடைப்பார்கள். தேநீர்க் குவளை கழுவ, கழிப்பறை சுத்தம் செய்ய, உதிரிப் பாகங்களைப் பெட்டிவாரியாகப் பிரித்து வைக்க எவரும் முன்வரார். சிறிது காலத்தில் இரண்டு காரியங்களில் ஒன்று நடக்கும்: குழுவிலுள்ள ஓரிரு பெண்களின் தலையில் அந்த வேலை விழும், அல்லது குறைந்த கூலிக்கு ஒரு தூய்மைப் பணியாளர் அமர்த்தப்பட்டு, அவர் ஒருநாளும் அந்தக் கணினியைத் தொடாதவராகவே இருப்பார். சாதி நம் நாட்டில் துடைப்பத்தின் வழியாகத்தான் அறைக்குள் நுழைகிறது. முறை வைத்துச் சுத்தம் செய்வது, அந்தப் பட்டியலில் விதிவிலக்கு எவருக்கும் இல்லாமல் இருப்பது ஆகியவை சந்தாவை விட முக்கியமான உறுப்பினர் தகுதி. பணியாளரை அமர்த்தினால் முறையான ஊதியத்தோடு அமர்த்துவோம். பட்டறையில் அவரும் உறுப்பினராகட்டும்.

'எங்களுக்குத் தலைவர் இல்லை, யார் செய்கிறாரோ அவரே முடிவு செய்வார்' என்று பெருமையாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது. நேரமும் பணமும் சொந்த வாகனமும் உள்ளவர்களே அதிகம் 'செய்ய' முடியும் என்பதால், முடிவும் அவர்களிடமே சேரும். அமைப்பு இல்லாத குழுக்களில் அதிகாரம் மறைவதில்லை, ஒளிந்துகொள்கிறது என்பதை அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே விளக்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, மாதந்தோறும் சுவரில் ஒட்டப்படும் வரவு-செலவு, ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம் ஆகியவை தொழிற்சங்கத்தில் நாம் பழகிய நடைமுறைகள். இளம் தொழில்நுட்பத் தோழர்களுக்கு நாம் கற்றுத்தரக்கூடியது இதுவே. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது மிகுதி.

இதெல்லாம் நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு, கட்சிக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. பல பட்டறைகள் அப்படித்தான் உள்ளன. ஆனால் ஹைதராபாத்தின் ஜெகதீஷ் மார்க்கெட்டிலும் சென்னையின் ரிச்சி தெருவிலும் கைப்பேசியைத் திறந்து சரிசெய்யும் தொழிலாளிதான் உண்மையான ஹேக்கர். உதிரிப் பாகத்தையும் சுற்றுப்படத்தையும் நிறுவனங்கள் மறைத்து வைப்பதால் அவரது பிழைப்பே நெருக்கடிக்குள்ளாகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் திறந்ததே தவிர, நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை இயற்றவில்லை. உணவு விநியோகத் தொழிலாளியின் நாள் வருமானத்தை ஒரு செயலியின் கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கைத் தொழிலாளியும் நிரலாளரும் சேர்ந்து ஆராய ஓர் இடம் வேண்டாமா? பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் பழைய கணினிகளைக் கொண்டு அம்பேத்கர் பெயரில் ஒரு சமூகக் கணினி மையம் நடத்திக் காட்டினர். ஹைதராபாத்தின் 'ஸ்வேச்சா' அமைப்பு 2005 முதல் தெலுங்கில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பிவருகிறது. டி-ஒர்க்ஸின் எந்திரங்கள் நல்லவையே. மக்கள் வரிப்பணத்தில் வந்தவை. ஆனால் அங்கே ஒரு கருவி சந்தைக்குப் போகும் வழியில்தான் மதிப்புப் பெறுகிறது. குழாய் வாஷரில் சுற்றிய சுருளுக்கு முதலீட்டாளர் வரமாட்டார்.

நம்மிடம் கட்டிடங்கள் உள்ளன. பஞ்சாலைத் தொழிலாளர்களும் பீடித் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் வாரக்கூலியிலிருந்து அணா அணாவாகக் கொடுத்துக் கட்டிய சங்க அலுவலகங்களும் படிப்பகங்களும் பல ஊர்களில் உள்ளன. ஆலை மூடிய பின் அவற்றில் சில வாரத்தில் ஒருநாள் திறக்கின்றன. சிலவற்றின் முன்புறம் கடைகளாக வாடகைக்கு விடப்பட்டுள்ளது. வாடகை வருமானத்தைப் பழிக்க வேண்டியதில்லை; முழுநேர ஊழியரின் படியும் மின்கட்டணமும் அதிலிருந்தே செல்கின்றன. ஆனால் மாடியில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைக் கொடுப்பதால் இழப்பது எதுவுமில்லை. அந்த அறைக்காகவே கம்பியும் கூரையும் பழுதுபார்க்கப்பட்டால் மிச்சக் கட்டிடமும் பிழைக்கும்.

மாவட்டக் குழுக்கள் முதலில் ஒரு எலக்ட்ரீஷியனையும் ஒரு கொத்தனாரையும் அழைத்துப் போய் அந்தக் கட்டிடங்களைப் பார்க்கட்டும். இருவரும் நம் சங்கங்களிலேயே இருப்பார்கள். பிறகு நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளையும், பஜாரில் கைப்பேசி பழுதுபார்ப்பவர்களையும் ஒரே நாளில் கூப்பிட்டுப் பேச வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டால் இரண்டு பட்டறைகளாகிவிடும். அறை மாலை ஆறு முதல் ஒன்பது வரை எல்லா நாளும் திறந்திருக்க வேண்டும். படிக்கட்டில் விளக்கும், கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்; அவர்களில் ஒருவர் பெண் தோழராக இருக்கட்டும்.