வகைக்கு ஒரு நூல்

மாலை தீபாராதனை கண்டு வீடு திரும்பிய பின், இரவு உணவுக்கு முன்னால் சிறிது நேரம் நம்மில் பலருக்கு ஓய்வாக அமைகிறது. அந்த நேரத்தில் படிக்கத்தக்க நூல்கள் எவை என்று அன்பர்கள் கேட்பதுண்டு. வகைக்கு ஒன்றாக நான்கு நூல்களை இங்கே சொல்கிறேன்.

இதிகாசத்துக்கு ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்'. 1958-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வால்மீகியைப் பின்பற்றி எளிய வசனத்தில் கதை சொல்லும் ராஜாஜி, கம்பர் வேறுபடும் இடங்களையும் ஆங்காங்கே எடுத்துக் காட்டுகிறார்.

சரித்திர நாவலுக்குக் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. வாதாபிப் படையெடுப்பில் நாம் காணும் பரஞ்சோதியே பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். நாவலை முடித்த கையோடு பெரியபுராணத்தில் அவர் வரலாற்றையும் படித்தால், போர்க்களத்து வீரரை அடியாராகக் காணலாம்.

பயண நூலுக்குச் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'. குடகு மலையிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு நம்மை அழைத்துச் செல்கிறது. முழங்கால் வலியால் யாத்திரையைக் கைவிட்டவர்களுக்கு இது நல்ல துணை.

தன்வரலாற்றுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஐயரவர்கள், சமண காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் விளங்காத செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்து, 1887-இல் அதனைப் பதிப்பித்தார். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு மனம் பதறியதையும் இந்நூலில் எழுதியிருக்கிறார்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. ஏடுகளை அவமதிக்கும் எண்ணம் அங்கே எவருக்கும் இல்லை. பழுதுற்ற ஏட்டுக்குச் செய்யும் மரியாதை அதுவே என்று நம்பினார்கள். எடுத்துப் படிப்பவர் இல்லாததால் அவற்றின் அருமை தெரியவில்லை.

நம் வீட்டு அலமாரிகளின் நிலை என்ன? சரஸ்வதி பூஜையன்று நூல்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். மறுநாள் விஜயதசமியன்று அவற்றை எடுத்துப் படிக்க வேண்டும் என்பதும் அந்தப் பூஜையின் ஓர் அங்கமே. பலர் வீட்டில் அந்த அங்கம் மறைந்துவிட்டது. நமக்குப் பின் அந்நூல்கள் பழைய காகிதக் கடைக்கே போய்ச் சேரும்.

இதற்குப் பெருமுயற்சி எதுவும் வேண்டியதில்லை. இரவில் ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் எழுத்தில் தடுமாறும் பேரக்குழந்தைகளும் காதால் கேட்டு இன்புறுவார்கள். பார்வை மங்கியவர்கள், எழுத்துக்கூட்டத் தெரிந்த பேரனையோ பேத்தியையோ அருகில் அமர்த்தி ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பிழையாகப் படித்தால் பொறுமையாகத் திருத்துங்கள். அலமாரியில் எந்த நூல் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று அறிந்த ஒருவராவது அடுத்த தலைமுறையில் நம் வீட்டில் இருக்கட்டும்.