காசநோயா, கிரோன் நோயா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,



மாதக்கணக்கில் வயிற்றுவலி, இளைப்பு, விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று ஒருவர் வருகிறார். கொலனோஸ்கோப்பி செய்தால், சிறுகுடல் முடியும் இடத்தில் புண். குடல் காசநோயா, கிரோன் எனும் நாள்பட்ட குடல் அழற்சி நோயா? பயாப்ஸியில் இரண்டிலும் கிரானுலோமா எனும் அழற்சிச் செல் திரள் தென்படலாம். காசநோய்க் கிருமியோ பல நேரம் சிக்காது. காசநோய் என்றறியாமல் கிரோனுக்குரிய ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. ஆகவே முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துப் புண் ஆறியதா என்று பார்க்கிறார்கள். கிரோன் நோயாளிக்கு அந்த மாதங்கள் வீண். அதற்குள் குடல் சுருங்கவும் கூடும்.

காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. விடையை நாம்தான் தேட வேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் தேடலாம் என்பது என் கோரிக்கை.

எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும், சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள மூலக்கூறுகள் இவை. 1993இல் ஒரு சிறு புழுவில் இவற்றை அடையாளம் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. குடல் நோயோடும் இவற்றுக்குத் தொடர்பு உண்டு. குடலின் உட்பூச்சு ஒற்றைச் செல் அடுக்குதான். ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்களே செல்லோடு செல்லை இறுக்கிப் பிடிக்கின்றன. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா பெருகினால் மைக்ரோ ஆர்.என்.ஏ.-122ஏ கூடுகிறது, ஆக்லூடின் தயாரிப்புக்கான தூது ஆர்.என்.ஏ.வை அது சிதைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பிடி தளர்ந்தால், குடலில் இருக்க வேண்டியவை திசுவுக்குள் கசிந்து அழற்சியை மேலும் கிளறும்.

காசநோயும் கிரோனும் இந்த மூலக்கூறுகளில் வெவ்வேறு தடம் பதிக்கின்றனவா? இதை அறியப் புதிய நோயாளிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகச் சிறியது என்பதால், ஃபார்மலினில் ஊறி பாரஃபின் மெழுகில் பதிந்த பழைய பயாப்ஸித் துண்டிலும் தாக்குப்பிடிக்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறைகள் அந்த மெழுகுக் கட்டிகளைச் சேமித்து வைப்பது வழக்கம். முடிவில் எந்த நோய் உறுதியானது என்பதை மருத்துவக் கோப்பு சொல்லும். நெறிமுறைக் குழு ஒப்புதலோடு இரண்டையும் ஒப்பிட, பல மருத்துவமனைகள் சேர்ந்த ஆய்வுக்கு நிதி ஒதுக்குங்கள்.

தலைமைப் பொறுப்பைச் சென்னை சேத்துப்பட்டில் உள்ள உங்கள் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுங்கள். சானடோரியத்தில் தங்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் காசநோய் குணமாகும் என்று நிறுவியது, 1956இல் தொடங்கிய அந்நிறுவனம்தான். இந்தச் சோதனை பயன்படாது என்று தெரிய வந்தாலும் அதையும் வெளியிடச் சொல்லுங்கள்; அடுத்து எங்கே தேடுவது என்றாவது மருத்துவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் எழுத்தாளர்