வாடகைப் பாட்டு

தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் இன்றும் பென் டிரைவில் பாட்டு ஓடுவதைக் கேட்கலாம். அத்தனையும் காசு கொடுத்து வாங்கியவையா என்று கேட்காதீர்கள். ஆனால் மலை வளைவில் செல்போன் சிக்னல் செத்துப்போகும்போது, இன்டர்நெட்டை நம்பிய பாட்டு பல்லவியோடு நின்றுவிடும். பென் டிரைவ் சரணத்தையும் பாடி முடிக்கும்.

முன்கூட்டியே செல்போனில் இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். இறக்கலாம், சொந்தமாகாது. ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு தொடர்ந்து ஒலிக்க வேண்டுமானால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இன்டர்நெட்டுக்கு வந்து முகம் காட்ட வேண்டும். சந்தா நின்றால் அதுவும் போச்சு. வாடகை வீட்டுச் சுவரில் படம் மாட்டுவது போலத்தான்.

வீட்டுக்காரர்கள் சண்டை போட்டாலும் அவதி குடியிருப்பவருக்கே. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போக, அதன் பாடல்கள் நீக்கப்பட்டன. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வாரிசு சரிகம. எனவே மறைந்தவற்றில் நம் தாத்தா காலத்துச் சினிமாப் பாட்டுகளும் உண்டு. 2020இல் ஒப்பந்தமான பிறகே அவை திரும்பின. 2023இல் ஜீ மியூசிக் பாடல்களுக்கும் இதே கதி. 2024இல் ரெஸ்ஸோ இந்தியாவில் கடையைக் கட்டியது. விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. அங்கே ஆசையாகப் பட்டியல் சேர்த்தவர்கள் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.

இந்தச் சேவைகளால் லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேடிய பாட்டு நொடியில் கிடைப்பது சின்ன விஷயமா? ஆனால் தேடுவதற்கு அது முதலில் அங்கே இருக்க வேண்டும். அட்டப்பாடி நஞ்சியம்மாவின் இருளர் மொழிப் பாட்டு ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தில் வந்ததும் செயலிகளில் ஏறியது. 2022இல் அவருக்குத் தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது. படத்துக்குள் நுழையாத பாட்டுகளுக்கு யார் பொறுப்பு?

அதே பாலக்காட்டு மாவட்டத்தின் கோட்டாயியைச் சேர்ந்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974). அவர் தலைமுறையின் கச்சேரிகளில் பலவற்றை இன்று கேட்க முடிகிறதென்றால், காரணம் கம்பெனிகள் மட்டுமல்ல. ஸ்பூல் டேப்பிலும் கேசட்டிலும் பதிந்து அலமாரியில் பூட்டிக் காத்த ரசிகர்கள். அத்தகைய பதிவுகளை விலையில்லாமல் பகிரவே ‘சங்கீதப்ரியா’ என்றொரு இணையதளம் இருக்கிறது. வீட்டு அலமாரிதான் உலகத்துக்கு ஊட்டியிருக்கிறது.

அலமாரிக்கும் ஆபத்து உண்டு. இடுக்கி மழைக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் சாகும். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது. பாடியவர், ராகம், இடம், ஆண்டு எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ‘டிராக் 01’ என்று விட்டுவைத்தால் பத்து வருஷம் கழித்து உங்களுக்கே அடையாளம் தெரியாது.