எல்லோரும் அங்கிள்தானா?

மம்மி, டாடி என்று குழந்தைகள் கூப்பிடுவதைக் கேட்டால் நம் வயதுக்காரர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடும். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அம்மா ஒருத்தி, அப்பா ஒருவர். எந்தச் சொல்லால் அழைத்தாலும் ஆள் மாறிவிடப் போவதில்லை. ஆங்கிலேயர்களிடமே அதில் ஒற்றுமை கிடையாது. இங்கிலாந்தில் பெரும்பாலும் 'மம்'. அமெரிக்காவில் 'மாம்'. வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 'மேம்'. செல்லமாக அழைக்கும் சொல் அப்படித்தான் ஊருக்கு ஒன்றாக இருக்கும்.

என் வழக்கெல்லாம் அங்கிள், ஆன்ட்டி, கசின் என்ற மூன்று சொற்களோடுதான்.

அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவோடு பிறந்தவர் மாமா. சொல்லைக் கேட்ட உடனேயே அவர் எந்த வழி உறவு, அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்பது தெரிந்துவிடும். அங்கிள் என்றால்? இவர்கள் எல்லோரும், எதிர்வீட்டுக்காரரும், அப்பாவின் ஆபீஸ் நண்பரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

கசின் இன்னும் மோசம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள். மாமா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் முறைக்காரர்கள். சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது சரிதான். ஆனால் முறை என்பது கல்யாணத்துக்கு மட்டுமா? யாரைக் கேலி செய்யலாம், யார் முன் அடங்கி நிற்க வேண்டும், யார் சீர் கொண்டு வர வேண்டும் என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது!

சில வருடங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு காதுகுத்து. "மாமா மடியில் உட்காரும்மா" என்றார்கள். குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்த மாமா?" என்றது. அதற்கு அவர் 'புனே அங்கிள்'தான். இரண்டு நாள் ரயிலில் சீரோடு வந்திருந்த அந்த மனிதரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் சுரத்தே இல்லை.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வேறுபாடெல்லாம் இருந்தது. அப்பாவின் சகோதரருக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல். அத்தைக்கும் சித்திக்கும்கூட அப்படியே. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் உள்ளே வந்தன. காலப்போக்கில் நான்கு சொற்கள் இருந்த இடத்தில் இரண்டுதான் மிஞ்சின. இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கிள் என்ற சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் 'அவுன்குலுஸ்'. அதற்குப் பொருள் தாய்மாமன்! ஆன்ட்டிக்கு மூலம் 'அமிட்டா', அதாவது அத்தை. அவர்கள் தொலைத்தது போல நாமும் தொலைக்க வேண்டுமா?

சகலைக்கும் ஓரகத்திக்கும் ஆங்கிலத்தில் தனிச்சொல் கிடையாது. அதனால்தான் நம்மவர்கள் கோ-பிரதர், கோ-சிஸ்டர் என்று தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். சம்பந்திக்கு அதுவும் இல்லை.

வெளியாட்களை அங்கிள், ஆன்ட்டி என்று அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. முன்பின் தெரியாதவரிடம் மரியாதையாகப் பேச அது ஒரு வசதி. வீட்டுக்குள் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். தாய்மாமனும் ஆபீஸ் நண்பரும் ஒரே அங்கிள் என்றால், நாளைக்கு ஒரு கஷ்டம் வரும்போது உரிமையோடு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இதில் தாத்தா பாட்டிகளாகிய நமக்கும் வேலை இருக்கிறது. வீடியோ காலில் பேரப்பிள்ளைகளிடம் "அங்கிளுக்கு ஹாய் சொல்லு" என்று நாமே எடுத்துக்கொடுக்காமல் இருக்கலாம். "இவர் உங்க அம்மாவோட அண்ணன், உனக்கு மாமா" என்று நாலு தடவை சொன்னால் ஐந்தாவது தடவை பிள்ளைகளே சொல்வார்கள். மம்மி என்றே கூப்பிடட்டும். மம்மியின் அண்ணன் மாமா என்று தெரிந்தால் போதும்.