கைக்கு வந்து சேராத சான்றிதழ்

பள்ளி இறுதித் தேர்வில் வென்றவருக்குச் சான்றிதழ் வழங்குவது அரசு காட்டும் சலுகை அல்ல. அரசு பட்ட கடன். ஐம்பது, அறுபது ஆண்டுகளாகியும் அக்கடன் தீரவில்லையெனில், தேடிச் சென்று தீர்க்க வேண்டியவர் கடன்பட்டவரே. தேர்வெழுதியவரை முதுமையில் அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவது முறையாகாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை முன்வைத்து இதைச் சொல்லக் காரணம் உண்டு.

தமிழர் வாழும் ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அவற்றுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாகாணத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதுவரை களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் ஒரே கல்வித் துறை. அதன் பின்னர் ஒன்றுக்குச் சென்னை, மற்றதற்குத் திருவனந்தபுரம். உறவும் சந்தையும் இரு பக்கமும் இருந்ததால், ஒரு மாநிலத்தில் வசித்து மறு மாநிலத்தில் படிப்பது இங்கே புதுமையல்ல. ஆனால், பதிவேடுகள் எல்லை தாண்டுவதில்லை.

அக்காலத்தில் தேர்வு முடிவுகள் பதிவெண்களாக நாளிதழ்களில் வெளிவந்தன. எண்ணைப் பார்த்துத் தேறியதை அறிந்து, மறுவாரமே பிழைப்புத் தேடி வெளியூர் சென்றவர்கள் உண்டு. மணமாகிப் போன பெண்கள் உண்டு. கட்டணப் பாக்கியால் பள்ளிப் படியேறத் தயங்கியவர்களும் உண்டு. பாக்கிக்காகச் சான்றிதழைப் பிணைப்பொருளாக வைத்துக்கொள்ளும் உரிமை கல்வி நிறுவனத்துக்கு இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. அன்றைய ஏழைப் பெற்றோருக்கு அதைச் சொல்ல யாரிருந்தார்?

எண்பது வயதில் இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் மதிப்பை அறியாதவர்கள். பிறந்த தேதிக்கு அதுவே பலருக்கு முதல் சான்று. முதியோர் ஓய்வூதியம் கேட்டாலும், கடவுச்சீட்டு கேட்டாலும் வயதுக்கு ஆதாரம் வேண்டும். அதற்கும் மேலாக, படித்தேன் என்று சொல்பவரிடம் அதைக் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும்.

தாமதத்தைச் சரிசெய்ததற்கு முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. விடுதலைப் போராட்ட வீராங்கனைகள் பீனா தாஸ், பிரீதிலதா வதேதார் ஆகியோருக்கு ஆங்கில ஆட்சி நிறுத்திவைத்த பட்டங்களைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 2012-இல் வழங்கியது. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பட்டங்களைப் பெற்றுக்கொள்ள இருவருமே உயிருடன் இல்லை. ஜெர்மனியில் தாய் யூதர் என்பதற்காக 1938-இல் முனைவர் பட்டம் மறுக்கப்பட்ட இங்கேபோர்க் ராபபோர்ட், 2015-இல் தமது 102-ஆம் வயதில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் அதைத் தம் கையாலேயே பெற்றார். எந்த முன்னுதாரணத்தைப் பின்பற்றப் போகிறோம் என்பதே கேள்வி. 1956-க்கு முன் பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்கள் இன்று 85 வயதை ஒட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

கேரளத்துக்கு இது கடினமான செயலும் அல்ல. 2018-இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்ற கார்த்தியாயினி அம்மாவை அம்மாநிலம் கொண்டாடியது. முதுமையில் தேர்வெழுதியவரைப் போற்றும் அரசு, இளமையில் எழுதித் தேறியவரை மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை எளியவை. கேட்பாரற்றுக் கிடக்கும் சான்றிதழ்களை ஒவ்வொரு பள்ளியும் கணக்கெடுத்துப் பெயர்ப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகங்கள் எல்லையில் கூட்டு முகாம் நடத்த வேண்டும். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுத இடமளிக்கிறது. எனவே விண்ணப்பங்கள் தமிழிலும் ஏற்கப்பட வேண்டும். கட்டணம் கூடாது. ஆள்மாறாட்டம் நடக்குமே என்று அதிகாரிகள் அஞ்சத் தேவையில்லை. பழைய புத்தகத்தில் பிறந்த தேதியோடு அங்க அடையாளங்களும் எழுதப்பட்டுள்ளன. ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

மத்திய அரசுக்கும் பொறுப்பு உண்டு. மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாள்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2008-இல் விதி வகுத்தது. பள்ளி இறுதிச் சான்றிதழுக்கும் அதுபோல் நாடு முழுவதற்கும் பொதுவான காலக்கெடு வேண்டும். டிஜிலாக்கரில் இன்றைய மாணவர்களின் சான்றிதழ்கள் கிடைக்கின்றன; 1950, 60-களின் பதிவேடுகளையும் அதில் ஏற்ற மாநிலங்களுக்கு நிதி தர வேண்டும்.

கேரள, தமிழக உறுப்பினர்கள் அணைக்காகவும் ஆற்றுநீருக்காகவும் நாடாளுமன்றத்தில் எதிரெதிரே நிற்பதை நாடு பலமுறை பார்த்திருக்கிறது. இந்தக் கோரிக்கையில் யாருக்கும் இழப்பில்லை. இரு மாநில உறுப்பினர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கல்வி அமைச்சரிடம் கொடுக்கட்டும். வரும் கூட்டத்தொடரிலேயே அதைச் செய்யட்டும்.